சுவருக்கு ஒத்தடம்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். பின்னால் இருப்பவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரு சுவரின் கதை சொல்கிறேன். சுவருக்கு என்ன பெரிய கதை என்று சிரிக்காதீர்கள். பெரிய பெரிய ஆட்களை ஒரு மத்தியானம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்த சுவர் அது. முடியும்வரை உங்களையும் எழுந்து போக விடாது, பாருங்கள்.

ஆற்றை ஒட்டி ஒரு சந்து. அதன் கடைசி வீட்டின் சமையலறைச் சுவர்தான் அது. முன்னெல்லாம் ஆறு எப்போதாவது ஒருதரம் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். வழி தவறி வந்த விருந்தாளி மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிவிடும். அப்புறம் பருவம் புரண்டுபோனது. வெயில் அடிக்க வேண்டிய மாதத்தில் மழை கொட்டியது, மழைக்கான மாதத்தில் வானம் வெளுத்துக் கிடந்தது. ஆறு வருஷா வருஷம் உரிமையோடு வர ஆரம்பித்தது. தண்ணீர் வடியும்போது சுவரில் பழுப்பாக ஒரு கோடு விட்டுப் போகும். முதல் கோடு கணுக்கால் உயரத்தில். அடுத்தது முழங்கால் உயரம். அதற்கடுத்தது அடுப்பு மேடையைத் தொட்டது. கடைசிக் கோடு டப்பாக்கள் அடுக்கும் அலமாரிக்கும் மேலே.

சந்தில் மற்ற எல்லோரும் தண்ணீர் வடிந்ததும் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். இந்த வீட்டுக்காரி மட்டும் அடிக்கவில்லை.

"அடிச்சா மட்டும் என்ன? அடுத்த வருஷம் அது மறுபடி வந்து கோடு போடும். அதுக்கு வருஷா வருஷம் புதுப் பேப்பர் விரிச்சு வெக்கிறதா என் வேலை?" என்பாள்.

இவளை நாம் அண்ணி என்றே சொல்லுவோம். அவளுடைய நாத்தனார் அப்படித்தான் கூப்பிட்டாள், கதையும் அந்த நாத்தனாரைப் பற்றியதுதான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவள் அவள். நாற்பதைத் தாண்டியவள். எந்நேரமும் அவளிடம் தச்சர்கள் காய்ச்சும் வச்சிரப் பசையின் வாடை வீசும். தோலைக் காய்ச்சி எடுக்கிற அந்தப் பசையின் வாடைக்கு எதிர்வீட்டு நாய்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் சந்தில் அவளுக்குப் பெயர் பசை.

ஒருநாள் ஒரு கடைச் சுவரில் துணி விளம்பரம் ஒட்ட இந்தப் பசையைத் தடவியிருக்கிறாள். காய்ந்ததும் துணி தானே உரிந்து வந்தது. சும்மா வரவில்லை, சுவரின் மேல்பூச்சையும், அதிலிருந்த பழைய எழுத்தையும் தோலுரித்த மாதிரி கூடவே எடுத்து வந்தது. கடைக்காரர் கத்தோ கத்தென்று கத்தினார். இவள் காதில் ஒன்றும் விழவில்லை. உரிந்து வந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். வெள்ளம் வந்து போன வீடுகளில் சின்னச் சின்னத் துண்டாகத் தண்ணீர்க் கோட்டை உரித்தெடுத்துச் சேர்க்க ஆரம்பித்தாள்.

பருவம் கெட்டுப்போனதைப் பற்றி வேலை செய்கிற கலைஞர்களுக்குப் பணமும் துணையும் தருகிற நிதிக்குழு ஒன்று நகரத்தில் இருந்தது. அது பசையைத் தேர்ந்தெடுத்தது. முதல் தவணை உடனே வந்தது. வேலையை நேரில் பார்த்த பிறகுதான் இரண்டாம் தவணை. அந்த இரண்டாவதுதான் உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரித்தெடுத்த சுவர்த்தோல் வெங்காயச் சருகு மாதிரி. பின்னால் நல்ல துணி கொடுத்து, பலகையில் ஏற்றி, ஈரம் படாத அறையில் வைக்காவிட்டால் சுருண்டு பொடியாகிவிடும். பலகைக்கும் அறைக்கும் பசையிடம் ஏது வழி?

பணத்தோடு ஒரு வழிகாட்டியையும் அனுப்பினார்கள். வழிகாட்டி என்றதும் நரைத்த தாடியை நினைக்காதீர்கள். பசையைவிடப் பத்து வயதாவது இளையவள். உலையில் கண்ணாடி உருக்கிப் பெரிய பெரிய வேலைகள் செய்து பேர் வாங்கியவள். அண்ணி பார்த்த மாத்திரத்தில் கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டாள்.

கண்ணாடி நல்ல பெண். பசை தன் வேலைக்குப் பக்கத்தில் பக்கம் பக்கமாக எழுதி ஒட்டியிருந்ததையெல்லாம் கிழித்துப் போடச் சொன்னவள் அவள்தான்.

"அக்கா, கோடே பேசுது. நீங்க ஏன் குறுக்கப் பேசறீங்க?"

இன்னொன்றும் சொன்னாள். "துண்டு துண்டா சேர்த்தது போதும். ஒரு முழுச் சுவர் எடுங்க. உங்க அண்ணி வீட்டுச் சுவர்."

அவ்வளவு பெரிய சுவரைப் பசை உரித்ததே இல்லை. உரிக்கிற வேலையில் இரண்டாம் வாய்ப்பு என்பதே கிடையாது. வந்தால் வரும், கிழிந்தால் அதோடு சரி.

நிதிக்குழுவில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. வழிகாட்டி வாயால் சொல்லலாம், வேலையில் கை வைக்கக் கூடாது. முன்பு யாரோ ஒரு வழிகாட்டி, சொல்லிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று கலைஞரின் வேலை முழுவதையும் தன் வேலையாக மாற்றிவிட்டாராம். அதிலிருந்து அந்த விதி. கை வைத்தது தெரிந்தால் இரண்டாம் தவணை நின்றுவிடும்.

அண்ணியும் ஒரு விதி போட்டாள்.

"எடுத்துக்கோ. ஆனா முழுசா எடுக்கணும். இந்தத் துண்டு அழகா இருக்கு, அந்தத் துண்டு நல்லா இருக்குன்னு பொறுக்கிட்டுப் போனேன்னு வெச்சுக்கோ, எங்க வீட்டுக்காரர் தங்கச்சின்னுகூடப் பாக்க மாட்டேன்."

"முழுசாத்தான் எடுப்பேன் அண்ணி."

"தலையாட்டாத, கேளு. ஒரு கோட்டை மட்டும் காட்டினா, என்னிக்கோ ஒரு நாள் தண்ணி வந்துச்சு, போச்சுன்னு பாத்துட்டுப் போயிடுவாங்க. எல்லாக் கோடும் ஒண்ணா நின்னாத்தான் அது ஏறிக்கிட்டே வருதுன்னு தெரியும். நான் வருஷா வருஷம் எதை எங்க தூக்கி வெச்சேன்னு தெரியும்."

சந்தையே இடித்துவிட்டு ஆட்களை மேட்டுப் பக்கம் கட்டின அடுக்கு வீடுகளுக்கு அனுப்ப உத்தரவாகியிருந்தது. மண்ணள்ளும் இயந்திரம் சந்து முனையில் வந்து நின்றுவிட்டது. மறுநாள் காலையில் இடிப்பு. அதனால்தான் அன்றைக்கே உரித்தாக வேண்டும். நிதிக்குழுவும் அன்றைக்கே வருகிறது.

முந்தின நாளே பசை சுவர் முழுக்க மெல்லிய துணியை விரித்து, சூடான வச்சிரத்தைத் தடவி, மேலே கனத்த துணி ஒட்டி முடித்திருந்தாள். அந்தப் பசை காயக் காயச் சுருங்கும். சுருங்கும்போது சுவரின் மேல்தோலை இறுகக் கவ்விக்கொள்ளும். எல்லா இடமும் ஒரே சீராகக் காய வேண்டும். வெயில் படக்கூடாது, விசிறி கூடாது, சூடு கிட்டவே வரக்கூடாது. ஜன்னல் திறந்திருக்க, அது தன்பாட்டில் காய வேண்டும். மத்தியானத்துக்கு மேல் தட்டிப் பார்த்தால் பறை மாதிரி சத்தம் வரும். அப்போது உரிக்கலாம்.

காலையில் பசையும் அண்ணியும் கனமான சாமானில் கடைசியாக மீந்திருந்த பீரோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டு வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் பஸ் ஓட்டுகிறவர், அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. சுவருக்குக் காவலாகக் கண்ணாடி மட்டும் இருந்தாள்.

"பாத்துக்கோங்க மேடம்" என்றாள் பசை. அவ்வளவுதான் சொன்னாள். என்ன பார்க்க வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு நான் என்ன சொல்லுவது என்று விழுங்கிவிட்டாள். அந்தப் பக்கம் கண்ணாடிக்கும், இது எப்படிக் காய வேண்டும் என்று கேட்க ஒரு கேள்வி இருந்தது. வழிகாட்டியே கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று அவளும் விழுங்கிவிட்டாள். இப்படித்தான் இரண்டு பேர் மரியாதை பார்த்துக்கொண்டே ஒரு வீட்டைக் கொளுத்துவார்கள்.

அவர்கள் போனதும் வானம் இருண்டது. ஆற்றுப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று ஜன்னல் வழியாக நேராகச் சுவரில் அடித்தது. கண்ணாடி பதறிப்போனாள். அவள் தொழிலில் குளிர்காற்றைவிட எமன் வேறு கிடையாது. உலையிலிருந்து எடுத்த கண்ணாடிமேல் ஒரு கீற்றுக் காற்று பட்டால் போதும், மாசக்கணக்கான உழைப்பு விரிசல் விட்டுப் போகும். அதனால் வேலையைச் சூட்டிலேயே பொத்திப் பொத்தி வைப்பார்கள், குழந்தையைப் போர்த்துகிற மாதிரி. அந்தப் பழக்கத்தில், அன்பில், அவள் ஜன்னல்களைச் சாத்தினாள். தன் வண்டியிலிருந்து அனல் காற்று ஊதும் ஹீட்டரைத் தூக்கி வந்து, சுவரைப் பார்த்துத் தரையில் வைத்துப் போட்டுவிட்டாள்.

சுவரை அவள் விரலால்கூடத் தொடவில்லை. காற்றைத்தானே தடுத்தோம் என்று நினைத்தாள்.

பசை திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் சூடு அடித்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம். வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி. பட். கொஞ்சம் நேரம் அமைதி. பட், பட்.

"என்னடி சத்தம்? அடுப்பைத்தான் அங்க கொண்டுபோயாச்சே" என்றாள் அண்ணி.

பசை உள்ளே ஓடினாள்.

கண்ணாடி சிரித்த முகத்தோடு திரும்பினாள். "கவலையே படாதீங்க அக்கா. குளிர்காத்து அடிச்சுது. நல்லாக் கதகதன்னு வெச்சிருக்கேன்."

பசை ஹீட்டரின் வயரையே பிடித்து இழுத்தாள். ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள். சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள், ஜுரம் பார்க்கிற தாய் மாதிரி. மேலே, அலமாரி உயரத்தில், சில்லென்று ஈரம். கீழே முழங்கால் உயரத்தில் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. ஹீட்டருக்கு நேர் எதிரே, இடதுபக்க மூலையில், துணி தானாகவே எழும்பிக் காய்ந்த இலை மாதிரி சுருண்டிருந்தது.

பட்.

"என்ன ஆச்சு?" கண்ணாடியின் முகம் செத்துப்போனது.

"கீழே காஞ்சு இழுக்குது. மேல இன்னும் ஈரம். இப்படியே விட்டா ரெண்டுக்கும் நடுவுல கிழிஞ்சிடும்."

"நான்... அக்கா, எனக்குத் தெரியாது..."

"அண்ணி! வெந்நீர் வேணும்!"

"அடுப்பு எங்கடி இருக்கு? மேட்டு வீட்டுல இருக்கு!"

பக்கத்து வீட்டில் இன்னும் ஒரு அடுப்பு மிச்சம் இருந்தது. அண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பசை இன்னும் ஏற்றாமல் கிடந்த துணி மூட்டையைப் பிரித்துத் துண்டு, போர்வை, பழைய சட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் உதறினாள்.

வழி ஒன்றுதான் இருந்தது. காய்ந்த இடத்துக்கு ஒத்தடம் கொடுக்க வேண்டும். வெந்நீரில் நனைத்து, சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து, அழுத்தாமல், தேய்க்காமல், சும்மா ஒற்றிப் பிடித்திருக்க வேண்டும். இறுகின பசை கொஞ்சம் மனசு இளகும். மேலே காய்ந்து கீழோடு சேரும்வரை அதை அப்படியே இளக்கத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். ஈரம் ஒரு துளி கூடினால் பசை கரைந்து கோடெல்லாம் வழிந்துவிடும். குறைந்தால் கிழியும். சுவரோ சமையலறை நீளத்துக்கு. கைகளோ நாலே நாலு.

கண்ணாடி ஒரு துண்டை எடுக்கக் குனிந்தாள்.

"தொடாதீங்க மேடம்!" பசை போட்ட சத்தத்தில் அவள் கை நடுவிலேயே நின்றது. "குழு வர்ற நேரம். நீங்க தொட்டா எல்லாம் போச்சு. தள்ளி நில்லுங்க."

கண்ணாடி எதிர்ச்சுவர் ஓரம் போய் நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு. அதைவிடக் கொடுமை உண்டா, சொல்லுங்கள்? தன்னால் தீப்பிடித்த வீட்டை, தண்ணீர் பக்கத்தில் இருக்க, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது.

அண்ணியும் பசையும் தரையில் மண்டியிட்டு ஒற்றினார்கள். இடதுபக்கம் பிடித்தால் வலதுபக்கம் பட் என்றது. வலதுக்கு நகர்ந்தால் நடுவில் எழும்பியது. அண்ணிக்கு மூச்சு வாங்கியது.

"எங்க கல்யாணத்தப்போ உன்னை இடுப்புல தூக்கிட்டு அலைஞ்சேன். இப்ப உன் சுவத்தையும் நானே தூக்கணும்."

"பேசாதீங்க அண்ணி, மூச்சுக் காத்து படுது."

"மூச்சு விடவும் கூடாதாம்!"

அந்த நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது.

நிதிக்குழுவின் தலைவர் முன்னால் வந்தார். பழைய கட்டிடங்களைப் புதுப்பித்துப் பேர் வாங்கிய பெரியவர், மடிப்புக் கலையாத கோட்டு. பின்னால் செயலாளர் அம்மா, கையில் கோப்பு. அந்த அம்மா உள்ளே வந்ததும், மண்டியிட்டிருந்த இரண்டு பெண்களைப் பார்த்துவிட்டு ஆர்வத்தோடு போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

"அருமை. இதுவும் நிகழ்ச்சியில ஒரு பகுதிங்களா?"

"ஆமா, டிக்கெட் எடுத்துட்டு வந்தீங்களா?" என்றாள் அண்ணி திரும்பாமலேயே. "போனைக் கீழ வெச்சுட்டு அந்த வாளியை இப்படித் தள்ளுங்க."

தலைவருக்கு ஒரு பார்வையிலேயே நிலைமை புரிந்துவிட்டது. சுருண்டிருந்த மூலையின் பக்கம் குனிந்து பார்த்தார். "ஒரே சுவர். கீழ மட்டும் எப்படி இவ்வளவு வேகமா காஞ்சுது?"

ஹீட்டர் நடுத்தரையில் கிடந்தது. அதன் பக்கவாட்டில் கண்ணாடியின் பட்டறைப் பெயர் பெரிசாக எழுதியிருந்தது. அண்ணி மெதுவாகக் காலை நீட்டி, ஒரு சாக்கை அதன்மேல் இழுத்துப் போட்டாள்.

"நான்தான் ஹீட்டர் போட்டேன்" என்றாள் பசை. "மழை வருதேன்னு அவசரப்பட்டுட்டேன்."

தலைவர் நிமிர்ந்தார். குரல் இறங்கியது. "உங்க பசைக்குச் சூடு ஆகாதுன்னு உங்களுக்கே தெரியாதா? அப்படின்னா இவ்வளவு பெரிய வேலையை உங்களை நம்பி எப்படி..." முடிக்காமல் விட்டார். பிறகு தணிவாகவே சொன்னார். "சரி விடுங்க. கீழ்ப்பகுதி நல்லாக் காஞ்சிருக்கு. நடுவுல குறுக்க வெட்டிட்டுக் கீழே இருக்கறதை மட்டும் இப்பவே உரிச்சுடுங்க. நிச்சயமா வரும். ரெண்டு கோடு கிடைக்கும். எங்களுக்கு அது போதும். அதுக்கே இரண்டாம் தவணை குடுத்துடலாம்."

கேட்டீர்களா? போதும் என்கிறார். பணமும் வரும், பேரும் வரும், அன்றைக்கே முடிந்துவிடும். பசையின் கை துணியில் அப்படியே நின்றது. உரிக்கும் கத்தி இடுப்பில் இருந்தது.

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும்.

கீழே இருக்கிற இரண்டு கோடு என்றால் கணுக்கால் கோடும் முழங்கால் கோடும். அடுப்பை நனைத்த தண்ணீர் அதில் இல்லை. அலமாரியை மூழ்கடித்த தண்ணீர் இல்லை. அதைப் பார்க்கிறவர்கள், பரவாயில்லையே, கால் நனைகிற அளவுதானே வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

"வேண்டாம் ஐயா" என்றாள் பசை. "இதை வெட்டினா இந்த வீட்டுல வெள்ளமே வரலைன்னு நானே சாட்சி சொன்ன மாதிரி. வந்தா முழுசா வரட்டும்."

"கிழிஞ்சா ஒண்ணுமே மிஞ்சாதும்மா. காட்ட வேலையே இல்லாம நாங்க எப்படிப் பணம் குடுக்கறது?"

"தெரியும் ஐயா."

பட்.

இந்த முறை சத்தம் நடுவிலிருந்து வந்தது. துணியில் விரல் நீளத்துக்கு ஒரு புடைப்பு எழும்பியது. பசை பாய்ந்து அதன்மேல் ஈரத் துண்டைப் பரத்தினாள். அவள் விட்டுவந்த இடது மூலை மெதுவாக மேலே சுருள ஆரம்பித்தது.

"அவங்க போடலை" என்றாள் கண்ணாடி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஹீட்டரை நான் போட்டேன். அவங்க இங்க இல்லவே இல்ல. கண்ணாடிக்குச் செய்யறதை இதுக்குச் செஞ்சுட்டேன்." சாக்கை விலக்கித் தன் பட்டறைப் பெயரைக் காட்டினாள். "அவங்களுக்குச் சூடு ஆகாதுன்னு தெரியும். எனக்குத்தான் தெரியாது. நான் கேக்கலை."

"பேசாம இருங்க மேடம்" என்றாள் பசை பல்லைக் கடித்துக்கொண்டு.

செயலாளர் கோப்பைத் திறந்தே விட்டார். "வழிகாட்டி வேலையில் கை வைத்தால்..."

"படிக்காதீங்க, எனக்கு மனப்பாடம்" என்றாள் கண்ணாடி.

"கலைஞர் அனுமதிச்சிருந்தா தவணை நின்னுடும். அனுமதி இல்லாம நடந்திருந்தா வழிகாட்டியை மட்டும் நீக்கணும்." செயலாளர் பசையைப் பார்த்தார். "நீங்க அனுமதிச்சீங்களா?"

பசைக்கு இன்னொரு பொய் சொல்லவும் வரவில்லை, காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை. "அவங்க கேக்கலை. நான் சொல்லவும் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண தப்பு" என்றாள். "என் கை ஓயுது. எதைப் பண்றதா இருந்தாலும் சீக்கிரம் பண்ணுங்க."

தலைவர் கண்ணாடியை ஒரு கணம் பார்த்தார். அவரே தேர்ந்தெடுத்த பெண். "உங்களை நீக்க வேண்டியதுதான். இனிமே எந்தக் கலைஞருக்கும் உங்களை அனுப்ப முடியாது."

"எப்பலேர்ந்து?"

"எப்பலேர்ந்துன்னா?"

"இப்பவேவா?"

"இப்பவேதான்."

கண்ணாடி கையிலிருந்த வளையலையும் கடிகாரத்தையும் கழற்றிப் பையில் போட்டாள். நேராக இடது மூலைக்குப் போய் மண்டியிட்டாள். "இனிமே நான் வழிகாட்டி இல்ல. அந்தத் துணியை இப்படிக் குடுங்க அக்கா."

செயலாளர் கோப்பைப் புரட்டினார். "நீக்கின வழிகாட்டி தொடலாமான்னு இதுல ஒண்ணும் இல்லையே..."

அண்ணி சிரித்தேவிட்டாள். "நல்லாப் பாருங்கம்மா, கடைசிப் பக்கத்துல இருக்கும்."

பசை கண்ணாடியைப் பார்த்தாள். அதுவரை மேடம், நீங்க, வாங்க என்றுதான் பேசியிருந்தாள். "இந்தா, பிடி" என்றாள். "நல்லாப் பிழி. இன்னும் பிழி. ஒத்து, அழுத்தாத. கண்ணாடி இல்ல இது, ஜுரக்காரக் குழந்தைன்னு நெனச்சுக்கோ."

"இவ்வளவு சூடு போதுமா?"

"அதைக் காலையில கேட்டிருக்கணும். போதும்."

தலைவர் கோட்டைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினார். ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். "எனக்கும் ஒண்ணு குடுங்க."

செயலாளர் அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தார். அண்ணி ஒரு போர்வையை அவர் கையில் போட்டாள். "கோப்பு நனையாது, கீழ வெச்சுட்டு வாங்க."

வேன் ஓட்டி வந்தவர் வெந்நீர் சுமந்தார். வரிசையாக எல்லோரும் தரையில் உட்கார்ந்து சுவரை ஒற்றினார்கள். துணி ஆறும், நனைப்பார்கள், பிழிவார்கள், மறுபடி ஒற்றுவார்கள். வெடிக்கிற சத்தம் மெல்ல மெல்ல இடைவெளி விட்டது. பசை மட்டும் நாற்காலியில் ஏறி நின்று மேல்பக்கத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். சொத் என்று ஈரச் சத்தம். இறங்குவாள். மறுபடி ஏறுவாள்.

மழை பிடித்துக்கொண்டது. அதோடு வாசலில் மண்ணள்ளும் இயந்திரக்காரர் வந்து நின்றார், தலையில் பிளாஸ்டிக் உறையோடு.

"நாளைக்குன்னுதான் சொன்னாங்க. ஆனா மழை வலுத்தா மெஷின் சேத்துல இறங்கிடும். இப்பவே ஆரம்பிக்கச் சொல்லி போன் வந்திருச்சு." உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார். "என்ன, எல்லாரும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? விழுந்துடுமா? நாந்தான் தள்ளப்போறேனே!"

"இன்னும் கொஞ்சம் நேரம் ஐயா" என்றாள் பசை.

அவர் அந்த வரிசையைப் பார்த்தார், அண்ணியின் சிவந்த கைகளைப் பார்த்தார். "சந்து முனை வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கறேன். இங்க வர நேரமாகும். அதுக்குமேல என் கையில இல்ல."

போய்விட்டார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். விட்ட மூச்சு முடியுமுன்பே சந்து முனையில் முதல் அடி விழுந்தது. தரை அதிர்ந்தது. கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூசி கொட்டியது. சுவரில் வரிசையாகப் பட், பட், பட்.

யாரும் அதை யோசிக்கவில்லை. அவர் இரக்கப்பட்டுத் தள்ளி ஆரம்பித்தார். அதிர்வுக்குத் தள்ளியென்ன, கிட்டவென்ன?

பசை நாற்காலியில் ஏறித் தட்டினாள். டொப். ஈரச் சத்தம் இல்லை, பறைச் சத்தமும் இல்லை. நடுவாந்தரமாக ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் காய்ந்தால் நல்லது. இரண்டாவது அடி விழுந்தது. நாற்காலி ஆடியது.

அவள் அண்ணியைப் பார்த்தாள். கண்ணாடியையும் பார்த்தாள்.

"என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள் கண்ணாடியிடம்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் கண்ணாடி. "உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

"உரிச்சுடலாம். துணியையெல்லாம் எடுங்க."

கீழ் விளிம்பில் கத்தியை நுழைத்து, நுனியால் தோலை மெதுவாகக் கிளப்பினாள். நீளமான அட்டைக் குழாயை அதன் அடியில் வைத்து, துணியைச் சுற்றி, எல்லோரையும் வரிசையாகப் பிடிக்கச் சொன்னாள். "நான் சொல்றப்ப மட்டும் சுத்துங்க. யாரும் முந்தக் கூடாது. பெரியவரே, உங்களைத்தான்."

"சரிம்மா" என்றார் தலைவர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"சுத்து."

சுவரிலிருந்து ஒரு பெருமூச்சு போலச் சத்தம் வந்தது. கணுக்கால் கோடு குழாயில் ஏறியது. முழங்கால் கோடு. அடி விழும்போதெல்லாம் நிறுத்தினார்கள், அதிர்வு அடங்கினதும் சுற்றினார்கள். அடுப்பு மேடைக் கோடு வரும்போது நடுப் புடைப்பு இழுபட்டது. கண்ணாடி குழாயை விடாமல் அந்தப் புடைப்பின்மேல் வாயால் வெதுவெதுப்பாக ஊதினாள், ஊதிக்கொண்டே இருந்தாள். இளகி வந்தது. கடைசிக் கோட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்று, கையைத் தலைக்குமேல் தூக்கினார்கள். ஈரம் மிச்சமிருந்த இடம் அது. பசை உள்ளங்கையை அடியில் கொடுத்து, பச்சைப் பிள்ளையின் பின்கழுத்தைத் தாங்குகிற மாதிரி, விரல் விரலாகப் பிரித்தெடுத்தாள்.

வந்துவிட்டது.

குழாயைத் தரையில் இறக்கின பிறகுதான் திரும்பிச் சுவரைப் பார்த்தார்கள். வெறும் சாம்பல் பூச்சு. ஒரே ஒரு இடம் தவிர. இடது மூலையில், ஹீட்டருக்கு நேர் எதிரே, உள்ளங்கை அகலத்துக்குக் கணுக்கால் கோட்டின் ஒரு துண்டு சுவரிலேயே தங்கிவிட்டது. தோலில் அந்த இடத்தில் ஒரு ஓட்டை.

கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டாள். பசை அண்ணியின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். முழுசா என்று வாக்குக் கொடுத்தவள்.

அண்ணி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். விரலால் அந்தத் துண்டைத் தடவினாள். வெளியே இன்னொரு அடி விழுந்தது. இந்த முறை கிட்டத்தில்.

"மத்த எல்லாக் கோடும் இருக்கா?"

"இருக்கு அண்ணி. ஓட்டையைத் தாண்டி இதுவும் தொடருது."

"அப்ப இது இங்கயே இருக்கட்டும்" என்றாள் அண்ணி. "இத்தனை வருஷம் நம்மளைத் தாங்கின வீடு. வெறுங்கையோடயா அனுப்பறது? கொஞ்சம் அதுவும் வெச்சுக்கட்டும்." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "தூக்குங்க, தூக்குங்க. அந்த ஆள் பக்கத்து வீட்டுக்கு வந்துட்டான்."

குழாயைப் போர்வையில் சுற்றி, தலைவர் ஒரு முனை, கண்ணாடி ஒரு முனை, நடுவில் மற்றவர்கள் என்று மழையில் வேனுக்குத் தூக்கினார்கள். கோட்டு ஜன்னல் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இரண்டாம் தவணை வந்தது, ஆனால் தாமதமாக. செயலாளர் அம்மா விளக்கத்துக்குமேல் விளக்கம் கேட்டார். கண்ணாடியை வழிகாட்டியாக எடுப்பதை நிறுத்தினார்கள்; அந்த நீக்கத்தை யாரும் திரும்ப வாங்கவில்லை. பின்துணி ஒட்டும்போது அவளே வந்து, கூலி வாங்காமல், சொன்னதை மட்டும் செய்தாள். ஓட்டையை மறைக்கவில்லை. சுவர்த்தோல் காட்சிக்கு வைக்கப்பட்ட அன்று ஒருவர் வந்து கடைசிக் கோட்டின் அடியில் நின்று, தன் தலைக்குமேல் கை வைத்து அளந்து பார்த்துவிட்டுப் போனார். அண்ணி பெஞ்சியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து வீட்டுக்குப் போங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டு அடுப்பு நனையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சுவரில் பிள்ளைகள் கிறுக்கின கோடு தவிர வேறு எந்தக் கோடும் விழாமல் இருக்கட்டும். கேட்க வேண்டியதைக் கேட்க உங்களுக்கு வெட்கம் வராமலும், சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் கூசாமலும், உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.